தலை யாருடையது? – 11: ராஜ்நிவாஸ் வாசலில் ஆறு நாள்

சென்ற வாரம் உச்ச நீதிமன்றத்தில் நிறுத்தியிருந்தோம். ஹைதராபாத் போலீஸ் கமிஷனர் போட்ட ஹெல்மெட் உத்தரவு என் நடமாட்டச் சுதந்திரத்தில் கை வைக்கிறது என்று அஜய் கானு தொடுத்த வழக்கு அது. 1988இல் தீர்ப்பு வந்தது. மனு தள்ளுபடி. இரு சக்கர வண்டியில் போகிறவரின் நலனுக்காகவும் அவர் பத்திரமாகப் போய்ச் சேருவதற்காகவும் போட்ட விதி யாருடைய சுதந்திரத்தையும் குறைத்துவிடாது என்பது நீதிபதிகள் சொன்னதன் சாரம்.

மறு ஆண்டு, 1989 ஜூலை 1ஆம் தேதி, புதிய மோட்டார் வாகனச் சட்டம் அமலுக்கு வந்தது. அதன் 129ஆம் பிரிவு வண்டி ஓட்டுகிறவர், பின்சீட்டில் இருப்பவர் இருவருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. தலைப்பாகை கட்டிய சீக்கியருக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. நீதிமன்றமும் சொல்லிவிட்டது, நாடாளுமன்றமும் சட்டம் போட்டுவிட்டது. இந்தத் தொடரை நான் அங்கேயே முடித்திருக்கலாம்.

ஆனால் ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து, 2019 பிப்ரவரியில், புதுச்சேரியில் கறுப்புச் சட்டை போட்ட ஒரு முதலமைச்சர் தம் அமைச்சர்களோடு நடுத்தெருவில் உட்கார்ந்தார். இரவு அங்கேயே படுத்தார். எதிரில் இருந்த ராஜ்நிவாஸ் என்கிற வெள்ளை மாளிகைக்குள் துணைநிலை ஆளுநர். சற்றுத் தள்ளிச் சட்டமன்றத்தின் முன்னால், அதே வாரத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் புத்தம்புது ஹெல்மெட்டுகளைத் தரையில் போட்டு உடைத்திருந்தார்கள்.

அப்படி என்னதான் நடந்தது?

*

அதற்கு முன் நகரின் வடக்குப் பக்கமாகக் கருவடிக்குப்பம் வரை போய்வந்துவிடலாம். இந்தக் கதைக்கு அந்த ஊர் தேவைப்படுகிறது.

1908இல் ஆங்கிலேய அரசின் கைக்கு எட்டாத இடம் தேடிப் புதுச்சேரிக்கு வந்த பாரதி, பத்து ஆண்டு இங்கே இருந்தார். கருவடிக்குப்பத்தில் சித்தானந்தர் கோயிலை ஒட்டியிருந்த மாந்தோப்புக்கு அடிக்கடி போவார். ‘குயில் பாட்டு’ பிறந்த இடம் என்று அந்தத் தோப்பைச் சொல்வார்கள். இன்றைக்கும் அதற்குக் குயில் தோப்பு என்றே பெயர். பக்கத்து நாட்டுப் போலீஸ் தொட முடியாத மண் என்பது புதுச்சேரிக்காரர்களுக்கு வெறும் வரலாறல்ல. கொஞ்சம் பெருமையும் கூட. 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்த பிறகும் ‘இது தமிழ்நாடு இல்லை, இங்கே வேற’ என்கிற ஒரு தோரணை ஊரில் மிச்சமிருக்கிறது. பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன சிவப்புத் தொப்பியும் போலீஸ்காரர் தலையில் அப்படியே இருக்கிறது.

பாரதி நடந்துபோன கருவடிக்குப்பத்தில் இன்று கிழக்குக் கடற்கரைச் சாலை ஓடுகிறது. சிவாஜி சிலை சந்திப்பில் மாலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள். சென்னைப் பேருந்து, சுற்றுலா வேன், தண்ணீர் லாரி, இவற்றின் நடுவே ஸ்கூட்டியில் அப்பா, அம்மா, முன்னால் நின்றபடி ஒரு குழந்தை. நகரின் பெரிய மயானங்களில் ஒன்றும் இதே கருவடிக்குப்பத்தில்தான் இருக்கிறது. சாலை விபத்தில் போன எத்தனையோ இளைஞர்களின் கடைசிப் பயணமும் இந்தச் சாலை வழியேதான்.

‘டவுனுக்குள்ளதானே, இதுக்கெல்லாம் எதுக்கு ஹெல்மெட்டு?’ என்பது புதுச்சேரியில் பழகிப்போன வாதம். கடற்கரைப் பக்கத்து வெள்ளைக்காரத் தெருக்களை மட்டும் பார்த்தால் அதில் நியாயம் இருப்பதுபோலவே தோன்றும். கட்டம் போட்ட தெருக்கள், பத்து வீட்டுக்கு ஒரு முனை, வேகம் எடுக்கவே இடமில்லை. வெயில், வியர்வை, முடி கொட்டுகிறது, ஹாரன் காதில் விழவில்லை, கோயிலுக்குப் போனால் எங்கே வைப்பது என்று காரணங்களுக்கும் குறைவில்லை. ஆனால் கருவடிக்குப்பமும் டவுன்தான். ஐந்து நிமிடத்தில் பால் வாங்கித் திரும்புகிறவர் கடக்க வேண்டியது அந்தச் சென்னைப் பேருந்தை.

*

இப்போது கதாபாத்திரங்கள்.

கிரண் பேடி 2016 மே மாதக் கடைசியில் துணைநிலை ஆளுநராகப் பொறுப்பேற்றார். 1980களின் தொடக்கத்தில் டில்லிப் போக்குவரத்துக் காவலில் இருந்தபோது, கண்ட இடத்தில் நிறுத்திய கார்களைக் கிரேன் வைத்துத் தூக்கியதால் ‘கிரேன் பேடி’ என்று பட்டப்பெயர் வாங்கியவர். ஒழுங்கு என்றால் தெருவில் இறங்கி நின்று செய்ய வேண்டியது என்பதே அவர் பாணி. ஒரு வாரம் கழித்து, ஜூன் 6இல், வி. நாராயணசாமி முதலமைச்சரானார். மத்திய அமைச்சராக இருந்தவர். டில்லி அரசியலின் நெளிவு சுளிவு தெரிந்தவர். யாருக்கு அதிகாரம், கோப்பு யாரிடம் போக வேண்டும், அதிகாரிகளை யார் அழைத்துப் பேசலாம் என்று முதல் வருடத்திலேயே இருவருக்கும் முட்டிக்கொண்டது.

மூன்றாவது ஆள் புதுச்சேரிக்காரர் அல்லர். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பியல் நிபுணர் எஸ். ராஜசேகரன். நொறுங்கிய எலும்புகளை ஒட்டவைப்பதே தொழிலாக இருந்தவர், இதை வாசலிலேயே நிறுத்த வேண்டும் என்று 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு போட்டார். 2014 ஏப்ரல் 22இல் நீதிமன்றம் சாலைப் பாதுகாப்புக்காக நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. சட்டம் இருக்கிறதே, ஏன் அமல்படுத்தவில்லை என்று அந்தக் குழு ஒவ்வொரு மாநிலத்தையும் குடைய ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் 2015 ஜூனில் நீதிபதி என். கிருபாகரன் போட்ட உத்தரவால் ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயமாகி, கடைகளில் கூட்டம் நெருக்கியடித்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அங்கே உத்தரவு போட்டது நீதிமன்றம். ஆகவே அரசியல்வாதிகள் கையை விரித்துவிட்டு நல்ல பிள்ளையாக இருக்க முடிந்தது.

புதுச்சேரியில் அந்த வசதி கிடைக்கவில்லை.

*

2019 பிப்ரவரி 11 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று காவல்துறைத் தலைமை இயக்குநர் சுந்தரி நந்தா அறிவித்தார். ஆளுநர் மாளிகையின் முழு ஆதரவோடு வந்த அறிவிப்பு. அதையொட்டிப் பேடி தாமே சாலையில் இறங்கினார். ஹெல்மெட் இல்லாத வண்டிகளை மறித்தார், பின்சீட்டில் இருந்தவர்களை இறங்கச் சொன்னார், கடிந்துகொண்டார். டில்லியின் பழைய டிராபிக் அதிகாரி ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்து மறுபடியும் முச்சந்தியில். காணொளிகள் பறந்தன.

முதலில் விழிப்புணர்வு, பிறகு படிப்படியாக என்றார் முதலமைச்சர். மக்களை விரட்டாதீர்கள் என்றார்.

நாராயணசாமி கையில் எடுக்காமல் விட்ட ஒரு வாதம் இருந்தது. பிரெஞ்சு ஊர் என்று பெருமை பேசுகிறோமே, அந்த பிரான்ஸே படிப்படியாகத்தான் போனது. 1973 ஜூலையில் கார் முன்சீட்டுக்கு சீட்பெல்ட்டைக் கட்டாயமாக்கியபோது ‘ஊருக்கு வெளியே மட்டும்’ என்றுதான் தொடங்கினார்கள். நகருக்குள்ளும் எந்நேரமும் கட்டாயம் என்று ஆக 1979 ஆயிற்று. ‘டவுனுக்குள்ளதானே’ என்று பாரீஸ்காரர்களும் சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் இந்த வாதத்தை எடுத்திருந்தாலும் எதிராளி ஒரே கேள்வியில் மடக்கியிருப்பார். அவர்களுக்குப் படியேற ஆறு ஆண்டு பிடித்தது. உங்களுக்கு முப்பது ஆண்டு போதவில்லையா?

அந்த வாரத்தில்தான் அ.தி.மு.க. உறுப்பினர்கள் சட்டமன்றத்தின் முன் ஹெல்மெட்டுகளை உடைத்தார்கள். முதலமைச்சருக்கும் எதிர்க்கட்சி, ஆளுநருக்கும் எதிர்ப்பு. கேமராக்கள் சுற்றி நிற்க, ஓடு தெறித்தது, உள்ளிருந்த வெள்ளைத் தெர்மோகோல் பிதுங்கியது.

அந்தப் படத்தை அப்போது பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வேறொன்று தோன்றியது. ஹெல்மெட் உடைவதற்காகவே செய்யப்பட்ட பொருள். மண்டை தரையில் மோதும்போது அந்தத் தெர்மோகோல் நசுங்க வேண்டும். நசுங்க எடுத்துக்கொள்ளும் அந்த மில்லி விநாடிகளில்தான் வேகம் கரைகிறது. அது நசுங்காவிட்டால் உள்ளே மூளை மண்டையோட்டில் போய் மோதும். ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட்டைத் திரும்பப் போடாதே என்பதும் இதனால்தான். வாரைக் கட்டாமல் தலையில் கவிழ்த்துக்கொள்வதால் பயனில்லை. மனிதர் விழுவதற்கு முன் அது விழுந்துவிடும். சரியாகப் போட்டால் சாவு சுமார் 42 சதவீதமும் தலைக்காயம் 69 சதவீதமும் குறைகிறது என்று உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சட்டமன்ற வாசலில் அந்த ஹெல்மெட்டுகள் தம் வேலையைக் கச்சிதமாகச் செய்தன. உள்ளே தலைதான் இல்லை.

சுதந்திரத்துக்காகவே ஹெல்மெட்டை மறுத்த ஒருவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. இங்கிலாந்தில் 1973இல் ஹெல்மெட் கட்டாயமானபோது பிரெட் ஹில் என்கிற முதியவர் அதை ஏற்கவில்லை. தலையில் துணித்தொப்பியோடு மோட்டார் சைக்கிள் ஓட்டினார். அபராதம் கட்ட மறுத்தார். மறுபடி மறுபடி சிறைக்குப் போனார். 1984 பிப்ரவரியில் பெண்டன்வில் சிறையிலேயே இறந்தார், வயது 74. அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஆனாலும் அவர் பணயம் வைத்தது தம் தலையை. புதுச்சேரியில் உடைத்தவர்கள் பணயம் வைத்தது கருவடிக்குப்பத்து ஸ்கூட்டிக்காரரின் தலையை.

*

பிப்ரவரி 13, புதன்கிழமை. பாரதி பூங்காவைச் சுற்றிய சாலையில் கறுப்புச் சட்டைகள் கூடின. ஆளுநர் மாளிகை முன் முதலமைச்சர் தர்ணா தொடங்கினார். ஹெல்மெட் உத்தரவு உடனடிக் காரணங்களில் ஒன்று. அதற்கு அடியில் இலவச அரிசித் திட்டம் முதலான பல கோப்புகள் இருந்தன. அவற்றுக்கும் அடியில் இருந்தது ஒரே கேள்வி: இந்த ஊரில் உத்தரவு போடுவது யார்?

மறுநாள் பேடி பலத்த பாதுகாப்போடு மாளிகையை விட்டு வெளியேறி டில்லி போனார். தர்ணா நிற்கவில்லை. 18ஆம் தேதி டில்லி முதல்வர் கெஜ்ரிவாலே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். 2015இல் அவரை எதிர்த்து டில்லியில் பா.ஜ.க.வின் முதல்வர் வேட்பாளராக நின்று தோற்றவர்தான் கிரண் பேடி, அதுவும் சேர்ந்துகொண்டது. அன்று இரவு, நெடுநேரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு தர்ணா முடிந்தது. மொத்தம் ஆறு நாள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹெல்மெட் விஷயத்தில் பேடி சொன்னது சரி. அதைச் சொன்ன இடமும் விதமும் தவறு. ஊரார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத ஒருவர் முச்சந்தியில் நின்று விரட்டும்போது அங்கே 129ஆம் பிரிவை யாரும் பார்ப்பதில்லை, ஆளைத்தான் பார்க்கிறார்கள். ‘எங்களைச் சொல்ல நீங்க யாரு?’ என்கிற கேள்வி எழுந்ததும் ஹெல்மெட் ஆளுநரின் பொருளாகிவிட்டது. அதைக் கழற்றுவது தன்மானமாகிவிட்டது. நாராயணசாமி அந்தத் தன்மானத்துக்குத் தீனி போட்டார். புதுச்சேரி மக்கள் பாதுகாப்பை எதிர்த்துப் போராடினார்கள் என்று சொன்னால் அது அரைகுறைப் பார்வை.

அந்த ஆண்டு ஏப்ரல் 30இல் சென்னை உயர் நீதிமன்றம், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் அன்றாட நிர்வாகத்தில் துணைநிலை ஆளுநர் தலையிட முடியாது என்று தீர்ப்பளித்தது. 2020 மார்ச்சில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இடையில், 2019 செப்டம்பர் 1இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் அமலுக்கு வந்து, நூறு ரூபாயாக இருந்த அபராதம் ஆயிரமானது. கூடவே மூன்று மாதம் ஓட்டுநர் உரிமமும் பறிபோகும்.

அதற்கடுத்த மாதம்தான் சுவாரசியம். அக்டோபர் 21இல் காமராஜ் நகர் இடைத்தேர்தல். பிரசாரத்தில் நாராயணசாமி ஹெல்மெட் இல்லாமல் இரு சக்கர வண்டியில் போனார். அந்தப் படத்தைப் போட்டுப் பேடி ட்விட்டரில் குட்டினார். முதலமைச்சர் சும்மா இருப்பாரா? 2017 ஆகஸ்டில், இரவில் பெண்களுக்குப் பாதுகாப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க ஸ்கூட்டரின் பின்சீட்டில் மாறுவேடம் போல முகத்தைத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு நகரைச் சுற்றினாரே பேடி, அந்தப் படத்தைத் தூக்கிப் போட்டார். அதில் ஆளுநர் தலையிலும் ஹெல்மெட் இல்லை.

இடைத்தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளர் ஜான்குமார் ஜெயித்தார். 2021 பிப்ரவரி 16இல் பேடி பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஆறே நாளில், 22ஆம் தேதி, நாராயணசாமி அரசு பெரும்பான்மை இழந்து கவிழ்ந்தது. இருவரும் போன பிறகும் ஹெல்மெட் சண்டை ஓயவில்லை. 2025 ஜனவரியில் புதுச்சேரிப் போலீஸ் மறுபடியும் ‘ஹெல்மெட் கட்டாயம்’ என்று அறிவிக்க வேண்டியிருந்தது. 36 வயதான ஒரு சட்டத்துக்கு எத்தனை முறைதான் திறப்பு விழா?

இவர்கள் படம் காட்டி ஓய்ந்த பிறகு நாடு முழுக்க என்ன நடந்தது என்பதற்கு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் ஹெல்மெட் போடாமல் விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் பின்சீட்டில் இருந்தவர்கள் 14,337.

*

இந்தப் பஞ்சாயத்துகளுக்கு நடுவில், ஒருவரும் கவனிக்காமல், வேறொரு கட்டாயம் புதுச்சேரித் தெருக்களுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

2017 ஏப்ரல் 1 முதல் புது இரு சக்கர வண்டிகளில் முகப்பு விளக்கை அணைக்கும் சுவிட்ச் கிடையாது. என்ஜின் ஓடினால் விளக்கு எரியும், அவ்வளவுதான். பட்டப்பகலில் எதிரே வருகிறவர்கள் விரல்களைக் குவித்து விரித்து ‘லைட் எரியுது’ என்று சைகை காட்டினார்கள். ஓட்டியவர் ‘தானா எரியுதுங்க’ என்று தலையாட்டிவிட்டுப் போனார். அதோடு சரி. என் வண்டி விளக்கை நான் அணைக்கக்கூட உரிமை இல்லையா என்று ஒருவரும் தர்ணா இருக்கவில்லை. சட்டமன்ற வாசலில் ஒரு விளக்கும் உடையவில்லை.

ஹெல்மெட்டைப் போட்டுக்கொள்வதா வேண்டாமா என்பதையாவது தினமும் காலையில் நாம் தீர்மானிக்கிறோம். விளக்கு விஷயத்தில் தீர்மானிக்க ஒன்றுமே விட்டுவைக்கவில்லை. சுதந்திரம் அதிகம் பறிபோனது எதில்? ஆனாலும் கோபம் வரவில்லை. அங்கே அதட்டுகிற ஆள் இல்லை, மறிக்கிற கை இல்லை.

அரசாங்கங்களும் இந்தப் பாடத்தைப் படித்துவிட்டன. மனிதரிடம் மல்லுக்கட்டுவதை விட, தொழிற்சாலையில் நான்கு பேரை அழைத்துச் சொல்லிவிடுவது சுலபம். 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களில் சீட்பெல்ட் போடாவிட்டால் கத்தும் கருவி கட்டாயமானது. கூடவே வேகத்துக்கும் தனியாக ஓர் எச்சரிக்கை ஒலி: மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டு விட்டு ஒலிக்கும். 120ஐத் தாண்டினால் நிற்காமல் ஒலிக்கும். 2025 ஜூனில் வெளியிட்ட ஒரு வரைவு அறிவிப்பில், புது இரு சக்கர வண்டிகள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் பிரேக் இருக்க வேண்டும், வண்டியோடு இரண்டு ஹெல்மெட்டும் சேர்த்தே தர வேண்டும் என்றது மத்திய அரசு. இனிக் கிரண் பேடிகள் முச்சந்தியில் நிற்க வேண்டாம், இயந்திரமே பார்த்துக்கொள்ளும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

நம்மவர்கள் அவ்வளவு சீக்கிரம் தோற்றுவிடுவார்களா?

கட்டைவிரல் அளவில் ஓர் உலோகத் துண்டு ஏற்கெனவே சந்தைக்கு வந்திருந்தது. சீட்பெல்ட்டின் நாக்கு போல இருக்கும். பெல்ட்டுக்குப் பதிலாக அதைச் செருகிவிட்டால் போதும், கார் ஏமாந்துபோகும், சத்தம் நின்றுவிடும். சாவிக்கொத்தோடு, பாட்டில் திறப்பானோடு சேர்த்தே விற்றார்கள். இந்தியாவின் பெரிய இணையக் கடைகள் பலவற்றிலும் கிடைத்தது. 2022 செப்டம்பர் 4ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மும்பையை நோக்கி வந்த ஒரு கார் பால்கருக்கு அருகில் பாலத்தின் தடுப்பில் மோதியது. பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்து இறந்தவர்களில் ஒருவர் டாட்டா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி. அந்த மரணத்துக்குப் பிறகுதான் அரசாங்கத்தின் பார்வை அந்தச் சின்ன உலோகத் துண்டின் மேல் விழுந்தது. 2023 மே மாதத்துக்குள் கடைகளிலிருந்து நீக்கப்பட்ட அந்தக் கிளிப்பின் விளம்பரங்கள் 13,118.

இயந்திரத்தின் வாயை அடைத்தவர்களின் கதை அடுத்த வாரம். கூடவே, 1974இல் பெல்ட் போடாவிட்டால் கிளம்பவே மாட்டேன் என்று அடம்பிடித்த அமெரிக்கக் கார்களையும், அந்தக் கார்களை அதே ஆண்டில் நாடாளுமன்றத்தையே வைத்து அடக்கிய மக்களையும் சந்திப்போம்.

(தொடரும்)